உள்மனசு "வேண்டாம்" என்றால் அதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கேள்வி இது: சென்னையில் ஒரே கம்பெனியில் ஆறு ஆண்டுகளாக வேலை. பெங்களூரிலிருந்து கூடுதல் சம்பளத்தில் ஆஃபர் வந்திருக்கிறது. வீட்டில் எல்லோரும் போகச் சொல்கிறார்கள். உள்ளுக்குள் மட்டும் ஏதோ ஒன்று "வேண்டாம்" என்கிறது. அது உள்ளுணர்வா, வெறும் பயமா? உள்மனசை நம்பி முடிவெடுக்கப் பழகுவது எப்படி?

முதலில் இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். "எனக்கு எது பிடிக்கிறது, எது உறுத்துகிறது" என்பதற்கு உங்கள் மனசைவிட நல்ல சாட்சி வேறு கிடையாது. அதில் வீட்டாரோ நண்பர்களோ உங்களைத் திருத்த முடியாது. "இனி என்ன நடக்கும், இந்த மேனேஜர் எப்படிப்பட்டவர், அந்த ஊரில் நான் தாக்குப்பிடிப்பேனா" என்பவை வேறு வகை. அங்கே உள்மனசு சில நேரம் அசாத்தியமாகச் சரியாக இருக்கும், சில நேரம் முழுக்கத் தவறாக இருக்கும். இரண்டு நேரத்திலும் அது ஒரே மாதிரி உறுதியோடுதான் பேசும். அதனால் உறுதியை வைத்து எடைபோட முடியாது. அந்த விஷயத்தில் அதற்கு முன்பு எவ்வளவு பயிற்சி கிடைத்திருக்கிறது என்று பார்த்துத்தான் எடைபோட வேண்டும்.

உள்ளுணர்வை எப்போது நம்பலாம் என்பதைக் கண்டுபிடிக்க இரண்டு பெரிய ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். டேனியல் கானமன், மனித ஊகம் எங்கெல்லாம் சறுக்குகிறது என்று ஆராய்ந்தவர். கேரி க்ளைன், தீயணைப்பு வீரர்கள் ஆபத்தின் நடுவே எடுக்கும் சரியான முடிவுகளை ஆராய்ந்தவர். எதிரெதிர் முகாமில் இருந்த இருவரும் 2009-இல் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் ஒத்துக்கொண்ட நிபந்தனைகள் இரண்டு. அந்தத் துறையில் அறிகுறிக்கும் விளைவுக்கும் நிலையான தொடர்பு இருக்க வேண்டும். அந்தத் தொடர்பைக் கற்றுக்கொள்கிற அளவுக்கு, முடிவு சரியா தவறா என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பு திரும்பத் திரும்பக் கிடைத்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் வருவது உள்ளுணர்வு மாதிரி இருக்கும், ஆனால் அதன் பின்னால் சரக்கு இருக்காது.

இதை உங்கள் வாழ்க்கையில் பொருத்திப் பாருங்கள். ஆறு ஆண்டுகளாகச் செய்கிற வேலையில் "இந்த புராஜெக்ட் தேதிக்குள் முடியாது" என்று தோன்றினால் நம்பலாம். பலமுறை பார்த்து, பலமுறை விளைவும் தெரிந்த விஷயம். குழந்தை வழக்கம்போல் இல்லை என்று அம்மாவுக்குத் தோன்றுவதும் அப்படித்தான். "இந்தப் பங்கு நாளைக்கு ஏறும்" என்பது அந்த வகையில் சேராது. 2024 செப்டம்பரில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி வெளியிட்ட ஆய்வின்படி, 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் (விலை ஏறுமா இறங்குமா என்று ஊகித்துப் போடும் ஒப்பந்தங்கள்) வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். அவர்களுக்கும் உள்ளுக்குள் ஏதோ சொல்லித்தான் இருக்கும். வாழ்க்கையில் ஓரிரு முறையே வரும் முடிவுகளும் (வேறு ஊருக்குப் போவது, கல்யாணம், வீடு வாங்குவது) பெரும்பாலும் பயிற்சி இல்லாத பகுதிதான். அதற்காக அங்கே மனசு சொல்வதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அதைத் தீர்ப்பாக எடுக்காமல் விசாரிக்க வேண்டும்.

விசாரிப்பது என்றால் என்ன என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரிந்த அனுபவமுள்ள நர்ஸுகளைக் க்ளைனோடு வேலை செய்த ஆய்வாளர்கள் பேட்டி எடுத்தார்கள். ரத்தத்தில் தொற்று பரவுவதை அந்த நர்ஸுகள் பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடுவார்கள். எப்படி என்று கேட்டால் "பார்த்தாலே தெரியும்" என்பதுதான் முதல் பதில். ஆய்வாளர்கள் அதோடு விடவில்லை. குறிப்பிட்ட ஒரு குழந்தை, குறிப்பிட்ட ஒரு ஷிஃப்ட் என்று எடுத்துக்கொண்டு நிமிடம் நிமிடமாகக் கேட்டார்கள்: அப்போது எதைப் பார்த்தீர்கள், எதை எதிர்பார்த்தீர்கள், எது இல்லாமல் இருந்தது? நிறம் மாறுவது, சோர்ந்து துவண்டு போவது, பால் எடுத்துக்கொள்ளும் விதம் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அவற்றில் கணிசமானவை அப்போதைய பாடநூல்களில் இல்லாதவை. சில, பெரியவர்களுக்கு இதே தொற்று வந்தால் தெரியும் அறிகுறிகளுக்கு நேர்மாறானவை.

அந்த நர்ஸுகளின் உள்ளுணர்வுக்குள் இருந்தது, வார்த்தைக்கு வராத கவனிப்பு. அதே கேள்விகளை நீங்கள் உங்களிடமே கேட்கலாம். தாளில் எழுத வேண்டும். தலைக்குள் வைத்துக் கேட்டால் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வரும்.

"வேண்டாம்" என்று முதன்முதலில் எப்போது தோன்றியது? ஆஃபர் மெயிலைப் பார்த்தபோதா, இன்டர்வியூவின் நடுவிலா, அம்மா சந்தோஷப்பட்டதைப் பார்த்தபோதா? அந்த நொடியில் யார் என்ன சொன்னார்கள்? நீங்கள் எதை எதிர்பார்த்தீர்கள், அதற்குப் பதில் என்ன வந்தது? நடக்க வேண்டிய எது நடக்கவில்லை? இந்தக் கடைசிக் கேள்வியைத் தவறவிடாதீர்கள். "இதற்கு முன்பு இந்த இடத்தில் இருந்தவர் என்ன ஆனார் என்று கேட்டேன், மேனேஜர் பதில் சொல்லாமல் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்" என்று ஒரு வரி வந்தால் உங்கள் கையில் சரிபார்க்கக்கூடிய ஒன்று கிடைத்துவிட்டது. அந்த டீமிலிருந்து விலகிய ஒருவரை லிங்க்ட்இன்னில் தேடிப் பிடித்துப் பத்து நிமிடம் பேசினால் போதும். அரைமணி நேரம் எழுதியும் ஒரு குறிப்பிட்ட காட்சிகூட வராமல் "என்னமோ சரியா படல" என்றே நின்றால், அது அந்த வேலையைப் பற்றிய தகவலாக இல்லாமல் உங்கள் இப்போதைய மனநிலையைப் பற்றிய தகவலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

"உள்ளுணர்வு அமைதியாகப் பேசும், பயம் சத்தம் போடும்" என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். நீண்ட நாள் பயத்தோடு வாழ்ந்தவர்களுக்குப் பயமும் அமைதியாகத்தான் பேசும், பழகிப்போன குரலாக. உண்மையான ஆபத்தை உணரும் உள்ளுணர்வு வயிற்றைப் பிசையவும் செய்யும். சத்தத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

அதைவிட நம்பகமான வழி, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிப் பார்ப்பது. இதே கம்பெனி, இதே மேனேஜர், இதே சம்பளம், ஆனால் ஆபீஸ் உங்கள் வீட்டிலிருந்து அரைமணி தூரத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே "சரி" என்று வருகிறதா? அப்படியானால் கம்பெனியில் குறையில்லை, ஊர் மாறுவதுதான் தடுக்கிறது. அடுத்து, பெங்களூர்தான், ஆனால் மேனேஜர் வேறொருவர். இப்போது மனசு இறங்கி வருகிறதா? பிறகு சம்பளத்தை மாற்றிப் பாருங்கள். பிறகு, வீட்டில் யாருமே கருத்துச் சொல்லவில்லை என்று வைத்துப் பாருங்கள். "போ போ" என்று தள்ளுவதற்கு எதிராக எழும் முரண்டையே உள்ளுணர்வு என்று நினைத்துக்கொள்கிறவர்கள் நிறைய. எந்த மாற்றத்தில் "வேண்டாம்" கரைகிறதோ, அங்கேதான் விஷயம் இருக்கிறது. இடம்தான் பிரச்சினை என்று தெரிந்தால் ஒரு வெள்ளி இரவு பஸ் பிடித்துப் போய், அந்த ஆபீஸ் இருக்கும் பகுதியில் இரண்டு நாள் தங்குங்கள். திங்கள் காலை டிராஃபிக்கையும் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். அறிமுகமில்லாததால் வரும் பயம் தகவல் சேரச் சேரக் குறையும். குறையாமல் ஒரு நபர் மீதோ ஒரு நிபந்தனை மீதோ குவிந்து நின்றால் அதை மதியுங்கள்.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் "உடம்பு பொய் சொல்லாது" என்பதும் பரவலான நம்பிக்கை. பாதி சரி. 1997-இல் வெளியான ஒரு சீட்டாட்டச் சோதனை பிரபலம். நான்கு கட்டுகள். இரண்டில் வரவு பெரியது, ஆனால் இடையிடையே வரும் இழப்பு அதைவிடப் பெரியது. மற்ற இரண்டில் வரவு சிறியது, கடைசியில் லாபம். ஆடியவர்களின் உள்ளங்கை வியர்வையை அளந்தபோது, ஏறக்குறைய பத்தாவது சீட்டுக்குள்ளேயே மோசமான கட்டை நோக்கிக் கை போகும்போது வியர்வை கூடத் தொடங்கியது. "இந்தக் கட்டு சரியில்லை போல" என்று அவர்களாகவே சொன்னது ஐம்பதாவது சீட்டு வாக்கில். மனசுக்கு முன்பே உடம்புக்குத் தெரிந்துவிட்டது என்று இதை விளக்கினார்கள். 2004-இல் வேறு ஆய்வாளர்கள் அதே ஆட்டத்தை நடத்தி, இன்னும் நுணுக்கமான கேள்விகளைக் கேட்டபோது, ஆடியவர்களுக்கு ஆரம்பத்திலேயே ஓரளவு வெளிப்படையாகவே தெரிந்திருந்தது என்று காட்டினார்கள். இரண்டிலும் ஒரு விஷயம் பொது: அந்த அறிவு வந்தது சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒவ்வொரு முறையும் உடனே வரவு செலவு தெரிந்ததால்.

உடம்பு தவறாகப் படிப்பதற்கும் சோதனை உண்டு. 1974-இல் கனடாவின் வான்கூவர் அருகே, கபிலானோ ஆற்றின் மேல் 230 அடி உயரத்தில் ஆடும் தொங்குபாலத்தில் நடந்த ஆண்களை ஒரு பெண் ஆய்வாளர் சந்தித்துத் தன் ஃபோன் எண்ணைக் கொடுத்தார். தாழ்வான, ஆடாத வேறொரு பாலத்தில் சந்தித்தவர்களைவிட இவர்கள் பின்னால் அதிகமாக அழைத்தார்கள். பாலம் தந்த படபடப்பை அந்தப் பெண்ணால் வந்ததாக உடம்பு எடுத்துக்கொண்டது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். நீங்களும் ஐந்து மணி நேரத் தூக்கத்தோடு, மூன்றாவது காபிக்குப் பிறகு, மேனேஜரிடம் திட்டு வாங்கிய அன்று மாலை ஆஃபர் லெட்டரைத் திறந்தால் நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். பசி, தூக்கமின்மை, காய்ச்சல், மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள், சண்டை நடந்த நாள்: இவற்றில் வந்த "வேண்டாம்" கணக்கில் சேராது, "வேணும்" என்பதும் சேராது. இரண்டு நாள் நன்றாகத் தூங்கி எழுந்து, காலை சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி கேளுங்கள். வெவ்வேறு நிலையில் மூன்று முறை கேட்டும் ஒரே பதில் வந்தால் அதற்கு எடை உண்டு.

இனி, உள்மனசை எந்தக் கட்டத்தில் கேட்பது என்பது. பெரும்பாலோர் முதலிலேயே கேட்டுவிட்டு, பிறகு அதற்குச் சாதகமான காரணங்களைத் தேடுகிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். 1955 வாக்கில், கானமன் இருபத்தொரு வயதில் இஸ்ரேல் ராணுவத்தில் இருந்தபோது, ஆள் தேர்வு நேர்காணலைச் சீரமைக்கும் வேலை அவரிடம் வந்தது. அதுவரை நேர்காணல் செய்தவர்கள் பொதுவாகப் பேசிப் பார்த்து மனசில் பட்டதைச் சொன்னார்கள். அது பின்னால் பலிக்கவில்லை. அவர் ஆறு குணங்களைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நடந்த விஷயங்களைப் பற்றி மட்டும் கேள்வி கேட்டு, ஒன்றுக்கு மதிப்பெண் போட்ட பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும் என்றார். "எங்களை இயந்திரமாக்குகிறீர்கள்" என்று அவர்கள் கோபப்பட்டார்கள். அவர்களுக்காகக் கடைசியில் ஒரு படியைச் சேர்த்தார்: எல்லாம் முடிந்ததும் கண்ணை மூடி, இந்த ஆளைச் சிப்பாயாகக் கற்பனை செய்து, 1 முதல் 5 வரை ஒரு மதிப்பெண் போடுங்கள். பின்னால் சோதித்தபோது, அந்தக் கண்மூடி மதிப்பெண் ஆறு மதிப்பெண்களின் கூட்டுத்தொகை அளவுக்கே சரியாக இருந்தது. விவரத்தை ஒழுங்காகச் சேகரித்த பிறகு கேட்டதால் அதே உள்ளுணர்வு பலித்தது.

உங்கள் விஷயத்தில் ஆறு தலைப்பு இப்படி இருக்கலாம்: நேரடி மேனேஜர், அன்றாடம் செய்யப்போகிற வேலை, மாதம் கையில் நிற்கும் பணம் (வாடகை, அட்வான்ஸ், ஊருக்கு வந்துபோகும் செலவு எல்லாம் போக), இரண்டு ஆண்டில் கற்றுக்கொள்ளப்போவது, பெற்றோர் உடல்நிலையும் வீட்டுப் பொறுப்பும், கம்பெனியின் நிலைமை. ஒவ்வொன்றுக்கும் தனித்தாள். ஒன்றுக்கு விவரம் சேர்த்து 1 முதல் 5 வரை போட்டு மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். ஒரே உட்காரலில் ஆறையும் போட்டால் முதல் மதிப்பெண்ணின் சாயல் மற்ற ஐந்திலும் விழும். இப்போதைய வேலைக்கும் இதே ஆறைப் போடுங்கள். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். எல்லாம் முடிந்த மறுநாள் காலை, கண்ணை மூடி, அடுத்த ஆண்டின் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையைக் காலை முதல் இரவு வரை இரண்டு ஊரிலும் ஓட்டிப் பாருங்கள். அப்போது வரும் எண்தான் நீங்கள் கேட்க வேண்டிய உள்மனசு.

கோயிலில் பூ கட்டிப் போட்டுப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் பொட்டலமாக மடித்துச் சாமி முன் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரிக்கும் அந்த நொடியில் "சிவப்பா இருக்கணும்" என்று உள்ளே ஒரு தவிப்பு எழுமே, அதைக் கவனியுங்கள். உங்களுக்கு எது வேண்டும் என்பது அங்கே சுத்தமாகத் தெரிந்துவிடும். எனக்கு எது விருப்பம் என்பதே தெரியவில்லை என்று தவிக்கிறவர்களுக்கு இதைவிட எளிய வழி இல்லை.

நீண்ட கால வளர்ச்சிக்கு வருவோம். உள்ளுணர்வைக் கூர்மையாக்குவது கணக்கு வைப்பதுதான். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒரு விஷயத்தில் மனசு ஏதாவது சொன்னால் அன்றே எழுத வேண்டும்: தேதி, என்ன தோன்றியது, எதைப் பார்த்ததும் தோன்றியது, நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், எத்தனை சதவீதம் நிச்சயம், எந்தத் தேதியில் சரிபார்ப்பீர்கள். "அவரோடு சரிவராது" என்று எழுதினால் பின்னால் எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம். "மார்ச் 31-க்குள் அவர் சொன்ன தேதியைக் குறைந்தது இரண்டு முறை தவறவிடுவார், 80 சதவீதம்" என்று எழுதினால் வளைக்க முடியாது. முன்கூட்டியே எழுதுவதற்குக் காரணம் உண்டு. 1972-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் சோவியத் யூனியனுக்கும் போவதற்கு முன் மாணவர்களிடம் என்னென்ன நடக்கும் என்று சதவீதம் போடச் சொன்னார்கள். பயணம் முடிந்த பிறகு, நீங்கள் என்ன போட்டீர்கள் என்று கேட்டபோது, நடந்துவிட்ட விஷயங்களுக்குத் தாங்கள் உண்மையில் போட்டதைவிடக் கூடுதலாகப் போட்டதாகவே நினைவுகூர்ந்தார்கள். "எனக்கு அப்பவே தெரியும்" என்பதை நாம் எல்லோரும் மனமறிந்து பொய் சொல்லாமலே சொல்கிறோம்.

கணக்குப் போட, வானிலை முன்னறிவிப்பைச் சோதிக்க 1950-இல் க்ளென் பிரையர் தந்த முறை எளிது. சதவீதத்தைப் பின்னமாக்குங்கள் (80 சதவீதம் என்றால் 0.8). நடந்தால் 1, நடக்காவிட்டால் 0. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த வித்தியாசத்தாலேயே பெருக்குங்கள். 80 சதவீதம் சொல்லி நடந்தால் 0.04; நடக்காவிட்டால் 0.64. எல்லாவற்றுக்கும் 50 சதவீதம் என்று போடுகிறவருக்கு எப்போதும் 0.25 வரும். வேலை, மனிதர்கள், பணம், உடல்நலம் என்று பிரித்துச் சராசரி எடுங்கள். ஒரு பிரிவில் முப்பது பதிவாவது சேராமல் முடிவுகட்டாதீர்கள். சராசரி 0.25-க்கு மேலே போகிற பிரிவில் உங்கள் உள்மனசு காசு சுண்டிப் பார்ப்பதைவிட மோசம், 0.15-க்குக் கீழே நிற்கிற பிரிவில் தாராளமாகச் சாய்ந்துகொள்ளலாம். பெரும்பாலோருக்கு ஒரு பிரிவில் கூர்மையும் இன்னொன்றில் குருட்டுத்தனமும் இருக்கும். "நான் உள்ளுணர்வு உள்ளவன்" என்று மொத்தமாகச் சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை.

இந்தக் கணக்கையும் ஏமாற்றும் ஒரு பொறி இருக்கிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஒரு மருத்துவர், டைஃபாய்டு வரப்போகிறதை முன்கூட்டியே சொல்வதில் பெயர் பெற்றவர். வார்டில் ஒவ்வொரு நோயாளியின் நாக்கையும் தொட்டுத் தடவிப் பார்ப்பார். கை கழுவாமல் அடுத்தவருக்குப் போவார். அவர் சொன்னவர்களுக்கெல்லாம் டைஃபாய்டு வந்தது, அவர் கையாலேயே. "இந்தப் புதுப் பையன் தேற மாட்டான்" என்று ஒரு டீம் லீடருக்குத் தோன்றுகிறது. அதனால் அவனுக்கு உருப்படியான வேலையே தருவதில்லை. ஆறு மாதத்தில் அவன் எதுவும் கற்காமல் நிற்கிறான். லீடரின் உள்ளுணர்வு பலித்துவிட்டது. "அவங்களுக்கு என்னைப் பிடிக்கல" என்று விலகி நடந்தால் அவர்களும் விலகத்தான் செய்வார்கள். உங்கள் நடத்தையே விளைவை மாற்றக்கூடிய இடத்தில் பலித்த கணிப்புக்கு மதிப்பெண் போடாதீர்கள்.

மனிதர்களைப் பற்றிய முதல் பார்வை விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருங்கள். நம் ஊரில் "பார்த்ததும் பிடிக்கல" என்பதற்குள் நிறமும் சாதியும் பேச்சுவழக்கும் ஒளிந்திருப்பது சாதாரணம். வரன் பார்க்கும்போதும் ஆள் எடுக்கும்போதும், அந்த நபர் செய்த ஒரு காரியத்தையோ சொன்ன ஒரு வாக்கியத்தையோ சுட்ட முடியாவிட்டால் அந்த ஒவ்வாமையை உள்ளுணர்வு என்று அழைக்க யாருக்கும் உரிமையில்லை.

ஒரே ஒரு இடத்தில் இந்த விசாரணை எதுவும் தேவையில்லை: உங்கள் பாதுகாப்பு, குழந்தைகளின் பாதுகாப்பு. ஆட்டோவில் ஏறியதும் சரியில்லை என்று தோன்றினால் இறங்கிவிடுங்கள். ஒரு உறவினர் வந்தால் குழந்தை ஒடுங்குகிறது என்று பட்டால் தனியே விடாதீர்கள். தவறாக இருந்தால் நஷ்டம் ஒரு ஆட்டோ கட்டணமோ ஒரு மனத்தாங்கலோதான். சரியாக இருந்து கேட்காமல் விட்டால் ஈடு கிடையாது. மரியாதைக்குப் பயந்து இங்கே மனசை அடக்காதீர்கள்.

எதைத் தொட்டாலும் "வேண்டாம்", எல்லோரைப் பார்த்தாலும் "ஆபத்து", என்னால் எதற்கும் ஆகாது என்றே வாரக்கணக்கில் உள்ளே ஓடினால், அதை உள்மனசின் ஞானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பதற்ற நோயும் மனச்சோர்வும் உள்ளுணர்வின் குரலிலேயே பேசும். திரும்பத் திரும்பச் சரிபார்க்கத் தூண்டும் எண்ணச் சுழற்சி இருப்பவர்களுக்கு மேலே சொன்ன நோட்டு அதை அதிகப்படுத்தவும் கூடும்; அவர்கள் நோட்டைத் தொடங்காமல் முதலில் மனநல மருத்துவரைப் பார்ப்பது நல்லது. அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

வீட்டாரோடு பேசும் முன் ஒன்று செய்யுங்கள். "ஒரு வருடம் கழிந்தது, இந்த முடிவு படுதோல்வி, ஏன்?" என்ற கேள்வியைக் கொடுத்து, ஆளுக்கொரு தாளில் பத்து நிமிடம் எழுதச் சொல்லுங்கள். க்ளைன் நிறுவனங்களுக்காக வகுத்த முறை இது, வீட்டுக்கும் பொருந்தும். பேசுவதற்கு முன் எழுத வேண்டும், பெரியவர் தாளைக் கடைசியில் படிக்க வேண்டும். அவர் முதலில் வாய் திறந்தால் மற்றவர்களின் தயக்கம் வெளியே வராது. "போ" என்று சொன்ன அம்மாவின் தாளில்தான் பெரும்பாலும் உங்களுக்கே தெரியாத ஒரு கவலை இருக்கும்.

இவ்வளவும் செய்தும் தராசு சமமாகவே நின்றால், எந்த முடிவிலிருந்து திரும்பி வருவது எளிது என்று பாருங்கள். இப்போதைய கம்பெனியில் நல்ல பெயரோடு விலகினால் ஒரு வருடத்தில் திரும்ப எடுப்பார்களா என்று உங்கள் மேனேஜரிடமோ எச்ஆரிடமோ பேச்சுவாக்கில் கேட்டுவிடலாம். புதிய ஆஃபரில் பாண்டு இருக்கிறதா, நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே படியுங்கள். திரும்ப வழி இருந்தால் போய்ப் பார்க்கலாம். போவதானால் ஆறாவது மாதத்தில் ஒரு தேதியை இப்போதே குறித்து, எந்த மூன்று விஷயம் நடக்காவிட்டால் திரும்புவீர்கள் என்று நோட்டில் எழுதி, வீட்டில் ஒருவரிடமாவது காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.